மாமி வீட்டுச் சுவரும் வெப்பக் கேமராவும்

அந்தக் கேமரா எங்கள் ஆபீசுக்கு வந்த நாளிலிருந்து அதற்கு என்னைவிட மரியாதை அதிகம். நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் நின்றுகொண்டே திருவனந்தபுரம் வந்து, வேலை நடக்கும் இடங்களுக்குக் கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்துப் போகிறவள். கேமரா மட்டும் பஸ்ஸில் போகக் கூடாது, ஆட்டோவில்தான் போக வேண்டும் என்று முதலாளி விதி போட்டார். அதைத் தூக்கிக்கொண்டு போவது நான் என்பதால் எனக்கும் ஆட்டோ கிடைத்தது.

கேமரா வைத்த செல்போன்கள் ஊருக்குள் வரத் தொடங்கிய வருடங்கள் அவை. நான் சிவில் டிப்ளமா முடித்து, ஆரியசாலையில் ஒரு மொத்த அரிசிக்கடையின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கட்டிடங்களில் ஒழுகலைக் கண்டுபிடித்து அடைப்பது எங்கள் தொழில். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. முதலாளி, நான், இரண்டு கொத்தனார்கள், அவ்வளவுதான் கம்பெனி.

முதலாளி மலையாளி. சாலை பஜாரில் இருக்கும் தமிழ்க் கடைக்காரர்களோடு பழகியே தமிழ் கற்றவர். வளைகுடாவில் மின்சார வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவரிடமிருந்துதான் அந்த வெப்பக் கேமராவை வாங்கினார். மஞ்சள் பெட்டிக்குள் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி, முன்னால் ஒரு கண், பின்னால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை. சூடான இடம் மஞ்சளும் வெள்ளையுமாகத் தெரியும். குளிர்ந்த இடம் நீலமாகத் தெரியும்.

"எடோ, இது கொழந்தையாக்கும். சூக்ஷிச்சு கொண்டு போணும்" என்றார் முதலாளி. பத்திரமாக என்று அர்த்தம்.

முதல் வாரம் அதைத் தூக்கி ஆபீஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் முதலாளியிடம், பாங்குக்குப் போகவில்லையா என்று கேட்டேன். இப்போதுதான் போய்த் திரும்பினேன் என்றார். கேமராவை மூலையில் காலியாகக் கிடந்த மரப் பெஞ்சின் பக்கம் திருப்பினேன். பெஞ்சில் தலை, முதுகு, மடக்கின கால் எல்லாம் மஞ்சளாக, ஒரு ஆள் படுத்து எழுந்த சூடு அப்படியே இருந்தது. திரையை அவரிடம் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தார்.

"நல்ல மெஷின்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பாங்குக்குப் போனார்.

அடுத்தது சாலையில் ஒரு ஜவுளிக்கடை. மாடிச் சுவரில் ஈரம் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஈரத்தைப் பார்த்து முடித்து இறங்கும்போது, போகிற போக்கில் கேமராவை ஸ்விட்ச் போர்டு பக்கம் திருப்பினேன். சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்த போர்டில் ஒரே ஒரு ஒயர் மட்டும் வெள்ளை வெளேர் என்று தெரிந்தது. எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் திறந்து பார்த்தால், திருகு தளர்ந்து ஒயரின் உறை உருகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கடையே எரிந்திருக்கும் என்றார் அவர். கடைக்காரர் எனக்கு இரண்டு நாரங்கா வெள்ளம் வாங்கிக் கொடுத்தார். எலுமிச்சை ஜூஸ்தான். இந்த ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர்.

இரண்டே நாளில் நான் சுவரை எக்ஸ்ரே எடுக்கிற பெண் ஆகிவிட்டேன். அது எக்ஸ்ரே இல்லை. சுவருக்குள் இருப்பது எதுவும் அதற்குத் தெரியாது. சுவரின் மேல்தோலில் உள்ள சூட்டை மட்டும் காட்டும், மற்றதை நாம்தான் யோசிக்க வேண்டும். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. எக்ஸ்ரே என்று அவர்கள் சொல்லும்போது கேட்க நன்றாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் மாமி கூப்பிட்டார். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு அக்ரகாரத் தெரு. கீழ் வீடு மாமியுடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். மகன் மஸ்கட்டில். மேல் மாடியைச் சில வருஷம் முன்பு அண்ணாச்சி ஒருவருக்கு விற்றிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், சாலையில் பைப்பும் குழாயும் விற்கிற கடை வைத்திருந்தார். அவரும் அவர் மனைவியும் மாடியில் இருந்தார்கள்.

மாமி என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். கூரையை ஒட்டி ஒரு பாய் அகலத்துக்கு ஈரம். பெயின்ட் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்து நடு அறையில் போட்டிருந்தார்.

"மூணு வருஷமாச்சு. மேலேர்ந்து வெள்ளம் எறங்கறது, கேட்டியோ. சொன்னா, நாங்க ஒண்ணும் பண்ணலேங்கறா. அப்பறம் நான் பேசறதே இல்லை."

எக்ஸ்சேஞ்சில் பழகின குரல். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக விழுந்தது.

கேமராவை எடுத்தேன். ஈரச் சுவர் நீலமாகத் தெரிந்தது. ஈரம் காயும்போது குளிரும், அதனால் அது எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் இருந்த குளியலறைக்குள் போய்க் கூரையைப் பார்த்தேன். அங்கே அடர் நீலத்தில் பெரிய ஒரு வட்டம். அதற்கு நேர் மேலே அண்ணாச்சி வீட்டுக் குளியலறை.

"கண்டுபிடிச்சாச்சு மாமி" என்றேன்.

மாமி திரையைப் பார்த்தார். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு மெஷினும் சொல்லிவிட்டது என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது.

எங்கள் பழைய முறை ஒன்று உண்டு. மேல் குளியலறையின் வடிகாலை அடைத்து, ஒரு நாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழே ஈரம் கூடுகிறதா என்று பார்ப்பது. முதலாளி அதைச் செய்யச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நான் செய்யவில்லை. கையில் கேமரா இருக்கும்போது யார் ஒரு நாள் காத்திருப்பார்கள்?

மாடிக்குப் போய் அண்ணாச்சியிடம் படத்தைக் காட்டினேன்.

"எம் பாத்ரூம் ஒழுகலம்மா. பைப்பு வேலை எல்லாம் நானே நின்னு பாத்து பண்ணுனது" என்றார். பிறகு திரையை இன்னொரு தடவை பார்த்தார். "ஆனா மெஷின் சொல்லுதுன்னா நான் என்னத்தச் சொல்லுதது. ஒடச்சுப் பாத்துக்கிடுங்க."

மறுநாள் கொத்தனாரோடு போனேன். மூலையில் இருந்த பெரிய நீல டிரம்மை அண்ணாச்சி காலி செய்து உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். குழாயில் தண்ணீர் விடிகாலையில் மட்டும் வருகிற தெரு அது. மொட்டைமாடித் தொட்டி காலியானால் உதவட்டும் என்று அப்போதே பிடித்து டிரம்மிலும் நிரப்பி வைப்பார்களாம். டிரம் இருந்த இடத்தில் தரை ஓடு உடைத்தோம். அடியில் சிமென்ட் உலர்ந்திருந்தது. இன்னும் உடைத்தோம். கொத்தனார் பொடியைக் கையில் அள்ளி விரலிடுக்கு வழியே உதிர்த்துக் காட்டினார். திருநீறு போல் இருந்தது.

வாசலில் நின்ற டிரம்மைப் பார்த்தேன். அடிப்பாகம் நல்ல வட்டம். கேமராவில் பார்த்த நீலமும் அப்படியே காம்பஸ் வைத்து வரைந்தது போன்ற வட்டம். டிரம் நிறையக் குளிர்ந்த தண்ணீர் மணிக்கணக்காக அந்த இடத்தில் நின்று தரையைக் குளிர்வித்திருக்கிறது, அந்தக் குளிர்ச்சி கீழே கூரையில் தெரிந்திருக்கிறது. எந்த ஒழுகலும் வட்டமாக ஒழுகாது. டிப்ளமா படித்த எனக்கு அது தோன்றவில்லை.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்த நேரத்தில் கேமராவில் பார்த்திருந்தால் வெள்ளையாகத் தெரிந்திருக்கும்.

"அண்ணாச்சி, தப்பு என்னுது. ஒங்க பாத்ரூம்ல ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இந்தக் கலர் இப்பம் கெடைக்காது" என்று மட்டும் சொன்னார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "அப்பம் குளிக்க எங்க போறது?" என்று கேட்டார்.

ஆபீசுக்குத் திரும்பி முதலாளியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தண்ணீர் கட்டிப் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். ஓடு நம் செலவில் போட வேண்டும், முடிகிற வரைக்கும் கொத்தனாரோடு நீயும் அங்கேயே இருக்க வேண்டும் என்றார். பாசஞ்சரில் அன்றைக்கு உட்கார இடம் கிடைத்தும் ஊர் வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.

மறுநாள் முதலில் மாமியிடம் போனேன். ஒழுகல் மேலேயிருந்து இல்லை என்று சொல்ல வேண்டுமே. மாமி நம்பவில்லை.

"நீதானே சொன்னே, கண்டுபிடிச்சாச்சுன்னு?"

"தப்பாச் சொல்லிட்டேன் மாமி."

"பின்னே வெள்ளம் எங்கேர்ந்து வரதாம்? ஆகாசத்திலேர்ந்தா?"

தெரியவில்லை என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் ஒரு மாதமாகச் சொல்லியிருக்கவில்லை. வரும்போது கொத்தனாரோடு மூட்டை இறக்கியதில் கையெல்லாம் சிமென்டாக இருந்ததால், கழுவிக்கொள்ளச் சமையலறைக்குப் போனேன். தொட்டிக்கு மேலே இரண்டு குழாய். ஒன்று பளபளவென்று இருந்தது. மற்றது களிம்பேறி, தலையில் மங்கலாக ஒரு சிவப்புப் பொட்டோடு இருந்தது. திருகிப் பார்த்தேன், அசையவில்லை.

"அது என்ன மாமி?"

"அதுவா, சூடு வெள்ளம் வரதுக்கு. எம் பிள்ளை லீவுல வந்தப்போ கீசர் வெச்சான். சமையலறைக்கும் வரட்டும்னு அங்கேர்ந்து பைப் இழுத்தான். அவன் இருந்த வரைக்கும் அது ஓடிண்டிருந்தது. எனக்கெதுக்கு? நான் தொட்டதே இல்லை."

"கீசர் எங்க இருக்கு?"

குளியலறையில், பரணுக்குப் பக்கத்தில், உயரத்தில். அங்கிருந்து சமையலறைக்குக் குழாய் வர வேண்டுமானால் படுக்கையறைச் சுவர் வழியாகத்தான் வர வேண்டும். கூரையை ஒட்டி.

கீசரைப் போடச் சொன்னேன். அந்தக் குழாயைத் திறந்து வெந்நீரை ஓட விட வேண்டும். என்னால் முடியவில்லை, கொத்தனாராலும் முடியவில்லை. இதற்குச் சரியான ஆள் ஒருவர்தான் இருந்தார், ஆனால் மாமியிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் மாமியே சொன்னார்.

"மேலே இருக்காரே, அவர்ட்ட ரெஞ்ச் இருக்கும். கூப்பிடு."

அண்ணாச்சி ரெஞ்சோடு இறங்கி வந்தார். வாசலில் ஒரு நிமிஷம் தயங்கினார். மூன்று வருஷத்தில் அந்தப் படியைத் தாண்டியதில்லை. மாமி சுவரைப் பார்த்தபடி, "வாங்கோ" என்றார். அண்ணாச்சி கொஞ்சம் எண்ணெய் கேட்டு வாங்கி, குழாயின் கழுத்தில் விட்டு, இரண்டு தடவை தட்டித் திருகினார். முதலில் துருத் தண்ணீர் வந்தது, பிறகு ஆவி பறக்க வெந்நீர்.

படுக்கையறையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில், நீலச் சுவரின் மேல் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு மெல்லத் தெளிந்தது. குளியலறைப் பக்கத்திலிருந்து வந்து, நடுவில் ஓரிடத்தில் வளைந்து, சமையலறைப் பக்கம் போனது. வளைவில் மட்டும் கோடு நிற்கவில்லை. காகிதத்தில் மை ஊறுவது போல அகலமாகிக்கொண்டே கீழே இறங்கியது.

இந்தத் தடவை நான் எதுவும் சொல்லவில்லை. திரையை இரண்டு பேருக்கும் காட்டிவிட்டு, கொத்தனாரிடம் அந்த வளைவில் ஒரு கையளவு மட்டும் கொத்தச் சொன்னேன். நாலாவது கொத்தில் ஈர மண் வந்தது. பிறகு, விரிசல் விட்ட ஒரு பிளாஸ்டிக் எல்போ, குழாய் வளைகிற இடத்தில் மாட்டுகிற மூட்டு.

அண்ணாச்சி அதை விரலால் தடவிப் பார்த்தார். "வெந்நீ லைன்ல போயி இதப் போட்டிருக்கான் பாருங்க. சூட்டுக்கு இது தாங்காது." பிறகு அவசரமாகச் சேர்த்தார், "எங் கடை மால் இல்ல."

மாமி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சமையலறையில் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமி போய் அதை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஓடு போட எத்தனை நாளாகும்?" என்று என்னிடம் கேட்டார்.

"அஞ்சு நாளாவது ஆகும் மாமி."

அண்ணாச்சியைப் பார்த்து, "அதுவரைக்கும் ஆத்துக்காரியை இங்கே வந்து குளிக்கச் சொல்லுங்கோ. நீங்களும்தான். காலம்பற அஞ்சரைக்கு மேலே பாத்ரூம் ஒழிஞ்சிருக்கும்" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அண்ணாச்சியும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

"சரிம்மா" என்றார். மறுநாள் கடையிலிருந்து வெந்நீருக்கு ஆகிற பைப்பும் எல்போவும் அவரே கொண்டுவந்து, கொத்தனாரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே மாட்டினார்.

அந்த ஐந்து நாளும் நான் மேலும் கீழுமாக ஏறி இறங்கினேன். மேலே ஓடு, கீழே சுவர். பழைய நிறத்தில் ஓடு கிடைக்கவே இல்லை. சாலை முழுக்கத் தேடி, கிட்டத்தட்ட அதே பச்சையில் ஒன்று வாங்கினோம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அண்ணாச்சியின் மனைவி அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். மூன்றாம் நாள் காபி கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து, சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். மாமி வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது, உள்ளே ஆள் இல்லை. மாடியில் குரல் கேட்டது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது யார் முறை என்று மாமியும் அண்ணாச்சியின் மனைவியும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாமி ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக வைத்தார். அந்த அம்மா திருநெல்வேலி வேகத்தில் பதில் கொடுத்தார். இரண்டு பேரும் குறைவதாக இல்லை.

நான் படியேறிப் போய், மாமி, சுவரைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"கொஞ்சம் இரு. இதை முடிச்சுட்டு வரேன்" என்றார் மாமி.

படியிலேயே மஞ்சள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடிய அரை மணி நேரம் ஆயிற்று.