மூக்கை அளந்த தகடு

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு, மலாயாவில் சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எனக்குப் புகைவீட்டு வேலை. ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகை மூட்டிப் புகை போட வேண்டும். நாளடைவில் மூக்கு அடைத்துப்போனது. வாயைத் திறந்துகொண்டுதான் தூக்கம். வெளியே ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். மூக்கடைப்பு என்பது சோம்பேறிச் சாக்கு என்றார் தோட்டத் துரை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்திருந்தார். மூக்கடைப்பை அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. குளிர்ந்த தகட்டை மூக்குக்குக் கீழே பிடிப்பார். மூச்சு பட்டு இரண்டு பக்கமும் பனி படியும். பனி சிறுத்தால் அடைப்பு. தகடே அப்படிச் சொன்னால் துரை நம்பித்தானே ஆக வேண்டும்? அவர் சொல்வதை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸர் எங்களுக்குத் தமிழில் சொல்வார்.

என்னை அளக்கக் கூப்பிட்ட அன்று, "டாக்டர் தொரை முன்னால உறிஞ்சிக்கிட்டு நிக்காதடி" என்று பக்கத்து வீட்டுக்காரி விரலி மஞ்சளைச் சுட்டு மோந்து பார்க்க வைத்தாள். பெரிய மனிதர் முன்னால் சுத்தமாகப் போவதுதானே எங்கள் வழக்கம். போய் நின்றேன்.

"தகட்டுல இடிக்குதாம். மூக்குத்தியக் கழட்டச் சொல்றாரு" என்றார் டிரெஸர்.

"என் வீட்டுக்காரரு நல்லா இருக்காரு. தகட்டைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க."

தள்ளிப் பிடித்தார். பனி தாராளமாகப் படிந்தது. அடைப்பே இல்லையாம்! மஞ்சள் புகை செய்த வேலை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

விடுவேனா? மறுநாள் புகைவீட்டிலிருந்து நேராகப் போய் நின்றேன். தகட்டில் ஒரு பக்கம் பொட்டளவு பனி, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. டாக்டர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நானும் சிரித்தேன்.

"அப்ப பால்வெட்டுக்கு மாத்திடுவாங்களா?"

டிரெஸர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஆராய்ச்சி முடியறவரைக்கும் நீ புகைவீட்டுலதான் இருக்கணுமாம். ஈர விறகுக்கு எவ்வளவு அடைக்குது, காஞ்ச விறகுக்கு எவ்வளவுன்னு உன்னை வச்சே பாக்கணுமாம். தோட்டத் தொரையும் சரின்னுட்டாராம்."

பொய் என்றாலும் புகைவீடு, உண்மை என்றாலும் புகைவீடு. என் மூக்கை இவர்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது? உடம்பெல்லாம் எரிந்தது. டாக்டர் தகட்டைத் துடைத்து மறுபடி நீட்டினார். அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, வாயைத் திறந்து ஊதினேன். தகடு முழுக்க வெளுத்தது.

"நான் மூச்சு விடுறது இந்த வாயாலதான். இதை அளக்கச் சொல்லுங்க" என்று மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பால்வெட்டுக்காரர் வரிசையில் போய் நின்றேன். புகைவீட்டுக்குப் போகச் சொல்லிக் கங்காணி கத்தினார்.

"போமாட்டேன். வேணும்னா பேரை வெட்டுங்க."

வெட்டினார்கள். பால்வெட்டிலிருந்த என் வீட்டுக்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு என் பின்னால் வந்தார். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினோம். டாக்டரின் ஆராய்ச்சி என்ன ஆயிற்றோ, தெரியாது. மூக்கு என்னோடு வந்துவிட்டது.