ஈரத் தரை

முதலில் மெயினை இறக்குவார். மின்விசிறி ஓய்ந்து, ஃபிரிட்ஜ் முனகலை நிறுத்திய பிறகும் அவருக்கு நம்பிக்கை வராது. டெஸ்டரைக் குளியலறைக் குழாயில் வைத்துப் பார்ப்பார். பிறகு ஹீட்டரில். மறுபடியும் குழாயில். இவ்வளவும் நாயைக் குளிப்பாட்டுவதற்கு.

கீழ்வீட்டு வயர்மேன் இருபத்திரண்டு வருடத் தொழில்காரர். ஏணி உச்சியில் நின்றபடி பல்லால் வயர் உரிக்கிற ஆள். சொந்த வீட்டுக் குளியலறையைக் கண்டு நடுங்குகிறார் என்றால் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். மாடியில் குடியிருக்கும் நான் ஞாயிறுதோறும் இறங்கி வந்து பார்க்கிறேன்.

நாயின் பெயர் பயில்வான். எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த குட்டிக்கு அவர் மனைவி கேலியாக வைத்தது. இன்றுவரை பெயருக்கேற்ற உடம்பு தேறவில்லை.

வெந்நீர் இப்போதெல்லாம் அடுப்பில்தான். முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். நாயின் காதில் பஞ்சு, வழுக்காமலிருக்கக் காலடியில் ரப்பர் விரிப்பு. தலையில் ஊற்றமாட்டார். கழுத்துக்குக் கீழேதான் தண்ணீர், முகத்துக்கு ஈரத்துணி. “மூக்குல தண்ணி போனா பயந்துருவான் சார்” என்பார். சொல்லிவிட்டு, மறுபடியும் வெந்நீரில் முழங்கையை விட்டுப் பார்ப்பார்.

காரணத்தை அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். போன வருடம் ஹீட்டரை வேறு சுவருக்கு மாற்றியபோது, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயரை அப்புறம் இணைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். ஊரார் வீட்டு வேலைகளுக்கு நடுவே அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை. ஒரு ஞாயிறு, ரப்பர் செருப்புக் காலோடு போய்க் குழாயைத் திறந்துவிட்டு வந்து நாயைக் கூப்பிட்டார். அது ஒரு காலை உள்ளே வைத்து, வெடுக்கென்று எடுத்துக்கொண்டு ஊளையிட்டது. குளிக்கச் சோம்பல்படுகிறது என்று நினைத்து, வாசலுக்கு வெளியே நின்றபடி அதை உள்ளே தள்ளினார். ஈரத்தில் நான்கு காலும் பட்டதும் சுருண்டு விழுந்தது. மனைவி ஓடிப்போய் மெயினை இறக்கினார். விலாவை அழுத்தி அழுத்தி, மூச்சு திரும்புவதற்குள் இவர் பாதி செத்துவிட்டாராம்.

அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. “அவன் சொல்லத்தான் சார் சொன்னான். நான்தான் தொழில் தெரிஞ்சவனாச்சே, கேப்பனா?”

போன ஞாயிறு, எல்லாச் சோதனையும் முடிந்து தரையில் தண்ணீர் ஊற்றியானதும் பயில்வான் வாசலில் நின்றுவிட்டது. ஒரு காலைத் தூக்கி, உள்ளே வைக்காமல், அவர் முகத்தைப் பார்த்தது. மக் கைநழுவி விழுந்தது. டெஸ்டரை மறுபடி எடுத்தார். அதில் விளக்கு எரியவில்லை. அப்படியும் மனம் ஆறாமல், மாடி லைனிலிருந்து ஏதும் இறங்குகிறதோ என்று என் வீட்டு மெயினையும் இறக்கச் சொன்னார். இறக்கிவிட்டு வந்தேன். நாய் அசையவில்லை.

“மொத்த வீடும் செத்துக் கெடக்கு, இன்னும் என்னங்க இருக்கும்?” என்றார் மனைவி.

நாயின் கழுத்துப்பட்டை அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, குளியலறைக்குள் குனிந்து, புறங்கையால் ஈரத்தைத் தொட்டுப் பட்டென்று இழுத்துக்கொண்டார். ஒன்றுமில்லை. பிறகு உள்ளே போய், அந்தத் தண்ணீரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்தார். நாயைக் கூப்பிடவில்லை. அது பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று கைகளை எடுக்காமலே இருந்தார்.