ஃபகருன்னிசாவின் புரட்டாசிப் பரிசல்

புரட்டாசி பிறந்தால் கெம்பனூர் ஏரியில் மீனுக்கு விடுமுறை. வலை இறங்காது. ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு தூண்டில் போட வரும் தொழிற்சாலைக் குடும்பங்களும் வராது. வீட்டில் முட்டைகூட உடைக்காத மாதத்தில் ஏரிக்குப் போய் மீன் பிடித்து என்ன செய்வது? ஃபகருன்னிசாவும் ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கணவர் குலாம் முகம்மதுவின் தக்காளி வண்டியில் பெட்டி அடுக்கப் போய்விடுவாள்.

இந்த வருடம் அப்படிப் போக முடியாது என்று ஆவணியிலேயே தெரிந்துவிட்டது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் மீனவர் சங்கத்தின் தலைவர் பரமசிவம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பெங்களூரிலிருந்து ஒருவர் மோட்டார் படகும் பாட்டுப் பெட்டியுமாக வந்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டிருக்கிறார். புரட்டாசி, மார்கழி என்று பாராமல் வருடம் முழுவதும் ஓட்டுவாராம்.

“உம்மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லம்மா. ஒரு மாசம் பூரா துறை காலியா கெடந்தா சங்கத்துல நான் என்னான்னு பேசறது?” என்றார் பரமசிவம்.

“காலியா இருக்காதுங்க தலைவரே” என்றாள் ஃபகருன்னிசா. எப்படி என்று அவளுக்கே அப்போது தெரியாது. ஆனால் அவள் குரலில் அது தெரியவில்லை.

அவள் ராயக்கோட்டையில் பிறந்தவள். அப்பா சைக்கிளில் மீன் விற்றவர் என்பதால் செவுளைப் பார்த்து மீனின் புதுமையையும் வாட்டத்தையும் சொல்வது அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலை. அங்கே பக்கத்தில் நின்று வேலை செய்த தமிழ்செல்வியின் பிள்ளைகள் மீனைத் துண்டாகத்தான் பார்த்திருந்தார்கள், முழுசாக நீந்திப் பார்த்ததில்லை. ஒரு விடுமுறை நாளில் ஃபகருன்னிசா அவர்களைக் கெம்பனூர் ஏரிக்குக் கூட்டி வந்து, பரிசல்காரன் மாதேஸ்வரனைக் கெஞ்சி ஏற்றிப்போய், ஆளுக்கொரு ஜிலேபி மீன் பிடிக்க வைத்தாள். அடுத்த வாரம் அதே பிரிவிலிருந்து மூன்று குடும்பங்கள் வந்தன. பிறகு வேறு கம்பெனிக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியபோது அவள் வேறு வேலை தேடவில்லை.

அவளுடைய வேலை ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதல்ல. வெள்ளியும் சனியும் சாயங்காலம் மாதேஸ்வரனோடு பரிசலில் போய், ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய மேட்டுக்குப் பக்கத்தில் இரை போட்டு வருவாள். உப்பில்லாத ராகிக் களி, கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் சோம்புத் தூள். இரண்டு நாள் அங்கே தின்று பழகிய மீன் மூன்றாம் நாளும் வரும். பிள்ளைகள் கத்தினாலும் வரும். குழம்பு மட்டும் இருந்தால் அந்தக் களியைத் தானே சாப்பிட்டுவிடுவேன் என்று மாதேஸ்வரன் வாரம் தவறாமல் சொல்வான்.

மிதவைச் சட்டை போடாத யாரும் பரிசலில் கால் வைக்கக் கூடாது. நீச்சல் தெரியும் என்பவர்களுக்கு அவள் இன்னும் இறுக்கமாகக் கட்டிவிடுவாள். முக்காட்டுக்குக் கீழே அவளும் அந்த ஆரஞ்சு நிறச் சட்டையைத்தான் போட்டிருப்பாள். பையில் கலகலவென்று சத்தம் கேட்க வரும் வாலிபர் கூட்டத்தைத் துறையிலேயே நிறுத்தி, “குடும்பத்தோட வாங்க தம்பி. பாட்டிலு குடும்பத்துல சேராது” என்று திருப்பி அனுப்பிவிடுவாள். பெண்கள் தங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்பியதற்கு இதுவும் காரணம்.

புரட்டாசிக்கு வழி அந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் கிடைத்தது. கைக்குச் சின்னதாக இருக்கும் மீனைத் திரும்ப ஏரியில் விட்டுவிடுவது அவள் வழக்கம். மீன் மாட்டும்போது கத்துவதைவிட, விடும்போதுதான் பிள்ளைகள் அதிகமாகக் கத்துவார்கள். அதை நினைத்துக்கொண்டே ஒரு நாள் கணவரின் வண்டியில் பெட்டி அடுக்கியவள், வண்டி கிளம்பும் முன்பே ஞாயிறுகளில் வரும் குடும்பங்களின் வாட்ஸாப் குழுவில் செய்தி போட்டுவிட்டாள். புரட்டாசியில் மீன் பிடிக்கலாம், பார்க்கலாம், ஏரிக்கே திருப்பி விடலாம். புழு கிடையாது, களி மட்டும். மதியம் புளிசாதம்.

பரமசிவத்துக்கு இது பிடிக்கவில்லை. பேர் பரமசிவம் என்றாலும் புரட்டாசி வந்தால் அவர் நெற்றியில் நாமம்தான். “திங்காத மாசத்துல அது வாயில எதுக்கும்மா முள்ளைக் குத்தணும்? ஒரே ஒரு மீனு செத்து மெதந்துதுன்னு வெச்சிக்கோ, ஊரே என்னைத்தான் புடிச்சிக்கும். அன்னையோட உன் பரிசலும் போச்சி.”

“ஒண்ணும் மெதக்காது. நீங்களே வந்து கரையில ஒக்காந்து பாருங்க.”

அதற்குப் பிறகு குலாம் முகம்மது இரண்டு சாயங்காலம் குறடும் கையுமாக உட்கார்ந்தார். தூண்டில் முள்ளின் நுனியில், மீன் கழன்றுபோகாமல் பிடித்துக்கொள்ளும் சின்னக் கொக்கி ஒன்று இருக்கும். ஒவ்வொரு முள்ளிலும் அதை நசுக்கிச் சமமாக்கினார். இனி மீன் வாயில் முள் ஏறுவதுபோலவே சுலபமாக இறங்கிவிடும். ஃபகருன்னிசா வருபவர்களுக்கு ஒரு விதியும் செய்து வைத்தாள். மீனை ஈரக் கையால்தான் தொட வேண்டும். வெளியே எடுக்கும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். யாருக்கு முதலில் மூச்சு முட்டுகிறதோ, அப்போதே மீன் தண்ணீருக்குள் போய்விட வேண்டும். நமக்கு முட்டினால் அதற்கும் முட்டும் என்பது கணக்கு.

முதல் ஞாயிறு சில குடும்பங்கள் வந்தன. அதில் ஹரீஷ்குமார் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் மனைவி சுஜாதா முந்தின நாள்தான் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போட்டிருந்தாள். அந்த மஞ்சளும் குங்குமமும் இன்னும் கைப்பையில் இருந்தன. நெற்றியில் நாமம் போட்ட அவர்களுடைய சின்ன மகள், ஃபகருன்னிசா சொன்ன மூச்சு விதியை இரண்டு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினாள். பரமசிவம் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறும் முன்பே அந்தச் சிறுமியின் தக்கை அமிழ்ந்தது. இழுக்காதே, அது ஓடட்டும், நின்றதும் சுற்று என்று ஃபகருன்னிசா அவள் காதுக்குப் பக்கத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நல்ல ரோகு மீன், மூன்று கிலோவுக்குக் குறையாது. கைவலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்து, பரிசலை மெதுவாகத் துறைக்குக் கொண்டு வந்தார்கள். கரையில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று ஹரீஷ்குமார் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்கிக் கரையேறினார். ஃபகருன்னிசா பரிசலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் திரும்பிப் பார்த்தபோது சுஜாதா மீனின் தலையில் மஞ்சள் வைத்துக் குங்குமம் இட்டுக்கொண்டிருந்தாள். புரட்டாசியில் மீனாக வந்தது யார் என்று யாரோ கேட்டார்கள். மச்சாவதாரம் என்று இன்னொருவர் சொன்னார். அவ்வளவுதான். ஒரு பெரியவர் கோவிந்தா என்று குரல் கொடுத்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு மீனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கற்பூரம் இருக்கிறதா என்று ஒருவர் கார் பக்கம் ஓடினார். கோவிந்தா சொல்கிற வாய் எப்படி மூச்சைப் பிடிக்கும்?

ஃபகருன்னிசா பரிசல் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். பத்துப் பேர் சாமி கும்பிடும்போது நடுவில் புகுந்து நிறுத்துங்கள் என்று அவள் எப்படிச் சொல்வது? அவள் அதைச் சொன்னால் அது எப்படிக் கேட்கும்? மீனின் செவுள் அகலமாகத் திறந்து அப்படியே நின்றிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. மரத்தடியில் பரமசிவமும் எழுந்து கைகூப்பிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரே ஒருத்தி மட்டும் கோவிந்தா சொல்லவில்லை. சூப்பர்வைசரின் மகள் கன்னத்தை உப்பிக்கொண்டு, முகம் செக்கச்செவேலென்று, அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“சுஜாதா,” என்று ஃபகருன்னிசா சத்தம் போடாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “பெருமாளு தண்ணியிலதான மீனா வந்தாரு? தண்ணியில வெச்சே கும்புடுங்க. பாப்பாவைப் பாருங்க, அவளுக்கே முட்டிப்போச்சி.”

சொல்லிக்கொண்டே மீனை வாங்கிவிட்டாள். உடுத்திய புடவையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் போனாள். கூட்டம் கையைக் கூப்பியபடியே பின்னால் வந்து கரையோரம் நின்றது.

மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்த்தினால் மறுபடி சாய்ந்தது. அவள் அலை வரும் பக்கம் அதன் தலையைத் திருப்பி, வயிற்றுக்குக் கீழே ஒரு கை, வாலில் ஒரு கை கொடுத்து, இறுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். குங்குமம் கரைந்து அவள் விரல்களைச் சுற்றிச் சிவப்பாகப் பரவிப் போனது. பரமசிவம் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீருக்கு வந்திருந்தார்.

“விட்டுடும்மா, போவட்டும்” என்றார்.

“நானா விடக்கூடாதுங்க. அதுவா என் கையை ஒதறிகினு போவணும்.”

செவுள் ஒரு முறை அசைந்தது. வெகுநேரம் கழித்து என்று தோன்றும்படி இன்னொரு முறை. பிறகு சீராகத் திறந்து மூடத் தொடங்கியது. அவள் அப்போதும் விடவில்லை. கடைசியில் வால் அவள் மணிக்கட்டில் ஓர் அடி அடித்தது, தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது, கை காலியாக இருந்தது. கரையில் யாரும் கோவிந்தா சொல்லவில்லை. சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்பதுபோல நின்றார்கள்.

அன்று முழுவதும் பரமசிவம் நாற்காலியைத் தண்ணீரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். புளிசாதத்தையும் அங்கேயே வாங்கிச் சாப்பிட்டார். வெள்ளையாக ஏதாவது மிதந்தால் எழுந்து பார்த்தார். ஒன்று தெர்மாகோல், ஒன்று கொக்கின் இறகு. மீன் இல்லை. பொழுது சாய்ந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஃபகருன்னிசா அன்றிரவு யாரையும் குறை சொல்லவில்லை. புரட்டாசி மாதம், நாமம் போட்ட ஜனம், கையில் உயிருள்ள மீன். இவர்கள் கும்பிடாமல் வேறென்ன செய்வார்கள்? அதைத் தான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்றாள். குலாம் முகம்மது ஆமாம் என்றார். அடுத்த வாரத்துக்குத் துறையை ஒட்டி முழங்கால் தண்ணீரில் கம்பு நட்டு, அகலமான வலைத்தொட்டில் கட்டினாள். மீன் அதற்குள்ளேயே நீந்தும், மேலே வராது. பார்ப்பவர்கள் இறங்கி வந்து பார்க்கட்டும், கும்பிடுபவர்கள் கும்பிடட்டும். மஞ்சளும் குங்குமமும் மீனுக்கல்ல, பரிசலின் விளிம்புக்கு. அதைச் சுஜாதாவிடமே சொல்லி, குழுவில் அவளையே எழுத வைத்தாள். சுஜாதா எழுதியதைப் பார்த்து, துறையில் இறங்க வரிசை போடும் அளவுக்கு ஆட்கள் வந்தார்கள்.

அந்த வரிசையில் பரமசிவமும் இருந்தார், வீட்டாரோடு. பெங்களூர்காரருக்குப் போன் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

“மோட்டார் சத்தத்துல சாமி நிக்காதுன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை ஒனக்குத்தான். இந்த வருசம், வர்ற வருசம், எல்லாம்.”

“சரிங்க தலைவரே. மெதவைச் சட்டையைப் போடுங்க.”

“எனக்கு எதுக்கும்மா? நான் இந்த ஏரியிலயே பொறந்தவன்.”

“அதான் இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டறேன்.”

வலைத்தொட்டிலுக்குள் அப்போதுதான் விட்ட ஒரு கட்லா சுற்றிக்கொண்டிருந்தது. பரமசிவம் குனிந்து, தண்ணீருக்குள்ளேயே ஈரக் கையால் அதன் முதுகைத் தொட்டார். சுற்றி நின்றவர்கள் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். மீன் தண்ணீருக்குள்தான் இருந்தது. ஆனாலும் தலைவர் கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.