வேரை வெட்டிய காளான்

அது யுத்த காலம். விஷக்காய்ச்சலில் கிடந்து எழுந்த அக்கா சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். கறி, முட்டை கொடுக்கச் சொன்னார் டாக்டர். அவளுக்கோ அந்த வாசனை பட்டாலே குமட்டும். காளானில் சத்து உண்டு, புரோட்டீன் உண்டு என்று காலேஜ் லைப்ரரிப் புத்தகம் ஒன்றில் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதல் இடிமழை பெய்த மறுநாள் விடிந்ததும் சைக்கிளில் நாகமலை அடிவாரத்துக்குப் பறந்தேன். கரையான் புற்றைச் சுற்றி வெள்ளை மொட்டுகள். மண் ஒட்டாமல், பேனாக்கத்தியால் தரையோடு நறுக்கித் துண்டில் கட்டிக்கொண்டு, பக்கத்து ஊரிலிருந்த அக்கா வீட்டில் போய் இறங்கினேன்.

அக்கா புருஷன் சம்சாரி, காடுகரை உழுது பிழைப்பவர். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"வேரு எங்க மாப்ள?"

"மண்ணு எதுக்கு மச்சான்? சுத்தமா அறுத்துட்டேன்."

"புத்துக்காளான்னா வேரு ஆழமா உள்ள போகும்யா. அதப் பாத்துத்தான் நல்லது கெட்டது சொல்லுவோம். இதுக்குத்தான் காலேசுக்குப் போனியாக்கும்!"

"நானே மொதல்ல தின்னு காட்டவா?"

"நீ பாட்டுக்குச் செத்துப்போவ. ஒங்கக்காளுக்கு யாரு பதில் சொல்றது?"

கட்டிலிலிருந்து அக்கா கத்தினாள். "சண்டைய முடிங்கப்பா, பசிக்குது!"

எனக்கு ரோஷம். வேரைத் தோண்டிக் காட்டுகிறேன் என்று துண்டை அங்கேயே வைத்துவிட்டு, திரும்பவும் புற்றுக்கே சைக்கிளை மிதித்தேன். அறுத்த இடமெல்லாம் தோண்டினேன். எல்லாமே ஆழமாக இறங்கின. ஜெயித்துவிட்டேன் என்று எழும்போது, புற்றுக்கு ஒரு முழம் தள்ளி நான் அறுத்த இன்னொரு தண்டு. தொட்டதும் கையோடு வந்தது. அடியில் வேர் இல்லை. முட்டை ஓடு மாதிரி ஒரு பை. அப்படியானால் இது புற்றுக்காளான் இல்லை, விஷமாகவும் இருக்கலாம்.

அது எந்தக் காளானுடைய அடி? துண்டுக்குள் எல்லாம் ஒரே வெள்ளை.

விடுபட்டிருந்த ஐந்தாறு மொட்டுகளை வேரோடு பறித்துக்கொண்டு வெறிபிடித்தவன் போல் மிதித்தேன். மச்சான் மாட்டைப் பார்க்கப் போயிருந்தார். பசி பொறுக்காமல் அக்காவே துண்டிலிருந்ததை அடுப்பில் ஏற்றியிருந்தாள்; சட்டி கொதித்தது. அகப்பையில் எடுத்து ஊதிக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டு, சட்டியையும் குப்பைமேட்டில் கவிழ்த்தேன்.

"அடப்பாவி! நீதானடா பறிச்சுட்டு வந்த?"

"அதான்க்கா. தப்பா பறிச்சுட்டேன்."

வேரோடு இருந்ததை மச்சான் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, வெங்காயம், மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தார். அவள் தின்று முடித்த பிறகும் நான் உட்காரவில்லை. பொழுது சாயும்வரை, "வயிறு வலிக்குதாக்கா?" என்று கேட்டபடி கட்டிலைச் சுற்றி வந்தேன்.

"வயிறு நல்லாத்தான்டா இருக்கு. ஒன்னாலதான் தல வலிக்குது. போய்த் தொல!"