பெரிய கால்க்காரி

ஆம்பூரில் டோரதி போகும் தேவாலயத்தின் வாசலில் ஞாயிறுதோறும் செருப்புகள் குவிந்து கிடக்கும். ஆராதனைக்கு எத்தனை தாமதமாக வந்தாலும், உள்ளே எட்டிப் பார்க்காமலே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது செயலாளர் வீட்டம்மாளுடையது. கட்டைவிரல் பள்ளம் ஆழமாக விழுந்தது பாடகர் குழுவில் தாளத்துக்குக் காலை அழுத்தும் வாத்தியாருடையது. முகங்களை மறந்துவிட்டு அசடு வழிகிறவள், கால்களை மறந்ததில்லை.

கல்யாணமான மறுவருஷமே ஷூ கம்பெனியில் சேர்ந்து, ஷூவின் மேல்பாகம் தைக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்தவள் அவள். இன்று அதே பகுதியில் முப்பது பெண்களுக்கு மேற்பார்வை பார்க்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: ஷூ என்றால் காலைப் பிடிக்க வேண்டும். புதிதாக வரும் பெண்களிடம், "கால்ல ஆடுற ஷூ ஆளக் கவுத்துடும்" என்பாள். கணவர் வில்சனுக்குச் செருப்பு வாங்கப் போனால் கடைக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

கத்திரி வெயில் கொளுத்தும் மாதங்களில்தான் கம்பெனிக்குக் குளிர்நாட்டு பூட்ஸ் ஆர்டர் வரும். அங்கே பனி விழுவதற்குள் கப்பல் ஏறிப் போய்ச் சேர வேண்டும் அல்லவா? வெளியே தார்ச்சாலை இளகிக்கொண்டிருக்க, உள்ளே பெண்கள் மடியில் ஆட்டு ரோமத்தைப் போட்டுக்கொண்டு உள்துணி தைப்பார்கள். ரோமம் பறக்குமென்று மின்விசிறியைக் குறைத்துவிடுவார்கள். வியர்வையில் ரோமம் முழங்கைவரை ஒட்டிக்கொள்ளும். தோலை மேலே ஏற்றி வடிவம் கொடுக்கும் கால் அச்சும் அந்த பூட்ஸுக்கு மற்ற ஷூக்களின் அச்சைப் போல இருக்காது. விரல் பக்கம் ஏகத்துக்கு அகலம்.

பக்கத்து இயந்திரத்து வஜீதா முதல் வருஷமே அதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "இந்த ஊர்க்காரிங்க இன்னா துன்றாங்களோ, காலு மொறம் மாதிரி வளந்துக்குது." அன்றிலிருந்து அந்த பூட்ஸை எங்கோ போட்டுக்கொண்டு நடக்கும் முகம் தெரியாத பெண்ணுக்கு அவர்கள் இருவரும் வைத்த பெயர், பெரிய கால்க்காரி. ஆர்டர் குறைந்தால் பெரிய கால்க்காரிக்கு உடம்பு சரியில்லை என்பார்கள். ஜாஸ்தியானால் அவளுக்குக் கல்யாணம் என்பார்கள்.

டோரதியின் மகள் ஹெப்சி அந்தப் பெண்ணின் ஊருக்கே போவாள் என்று யார் கண்டது? வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவள், வாயில் நுழையாத அந்த பாஷையை ஒன்றரை வருஷம் படித்துத் தேறி, பின்லாந்தின் வடகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை வாங்கிவிட்டாள். கிறிஸ்துமஸ் முடிந்து, புதுவருஷ ஆராதனையும் முடிந்ததும் விமானம். அங்கே அப்போதுதான் குளிர் உச்சத்தில் இருக்குமாம். மைனஸ் இருபது, இருபத்தைந்து.

மைனஸ் என்ற சொல் வில்சனுக்கு ஒரு வேடிக்கை. டோரதிக்கு அப்படியில்லை. மார்கழிப் பனிக்கே பாதம் வெளிறிப்போகும் பிள்ளை அது. சின்ன வயதில் அதன் கால்களைத் தன் வயிற்றோடு அணைத்துச் சூடேற்றித் தூங்கவைத்திருக்கிறாள். கடுங்குளிரில் கால்விரல் கறுத்து, வெட்டி எடுக்கும்படி ஆவதுண்டு என்று வில்சன் எதையோ கைப்பேசியில் பார்த்து ஒருநாள் வாய்விட்டுப் படித்துவிட்டார். அதற்குப் பிறகு டோரதிக்கு ஒரே கவலைதான். வேறு எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் வாங்கித் தரட்டும், பிள்ளையின் கால் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள்.

கட்டிலெங்கும் கம்பளித் துணி பரவியது. வேலூர் நடைபாதையில் வாங்கிய தடித்த ஸ்வெட்டர்கள், ஏலகிரிக்குப் போனபோது வாங்கிய சால்வை, கேரல் பாட்டு சுற்றுக்கு வில்சன் வருஷாவருஷம் மாட்டிக்கொள்ளும் குரங்குக் குல்லா. பெட்டியை மூட வில்சன் அதன்மேல் உட்கார வேண்டியிருந்தது. அவர் எழுந்ததும் பெட்டி மறுபடி வாயைத் திறந்துகொண்டது. ஹெப்சிக்கு முன்பே அங்கே போய்விட்ட சீனியர் நந்தினி தொலைபேசியில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னாள். தடியாக ஒன்று எதற்கும் உதவாது, மெல்லிசாக மூன்று போட வேண்டும். உடம்போடு ஒட்டியிருப்பது பருத்தியாக இருக்கக் கூடாது, கம்பளியாக இருக்க வேண்டும். மேல்கோட்டு தன்னிடம் ஒன்று உபரியாக இருக்கிறது. பூட்ஸ் மட்டும் இரண்டு அளவு பெரிதாக எடுத்து வா.

கடைசி வார்த்தையைக் கேட்டதும் டோரதிக்குச் சிரிப்பு வந்தது. "ஊசி போடுறத அவ சொல்லட்டும், கேட்டுக்கலாம். ஷூவப் பத்தி எனக்கு எவ சொல்றது?"

மாலையில்தான் கால் சற்று உப்பியிருக்கும் என்பதால் மாலையில் மகளைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து அளவெடுத்தாள். மிருதுவான மாட்டுத்தோல் தேடிப் பிடித்தாள். உள்ளே வெள்ளை ஆட்டு ரோமம் வைத்து, ஒவ்வொரு தையலையும் தானே போட்டாள். தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் ராஜேஷ், ஹெப்சியின் காலுக்குச் சரியான அச்சில் ஏற்றி அடிப்பாகம் ஒட்டிக் கொடுத்தான். போட்டுப் பார்த்தால் கூடவே பிறந்ததுபோல் இருந்தது. கம்பளி சாக்ஸ் போட்டால் கொஞ்சம் பிடிக்கிறது என்றாள் ஹெப்சி. தோல் இளகும் என்றாள் அம்மா.

மறுநாள் வஜீதாவிடம் காட்டினாள். வஜீதா பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு வெயில்ல போட்டுப் பாத்துட்டு பொட்டியில வெச்சுடுவியா? நாப்பது ரூபா செருப்பயே நாலு அடி நடந்து பாத்துட்டுதான் வாங்குறோம்" என்றாள். அவள் தம்பி உசாமா வாணியம்பாடியில் ஓர் ஐஸ்கிரீம் குளிர்கிடங்கைப் பார்த்துக்கொள்கிறான். டிசம்பரில் வியாபாரம் கம்மி, கிடங்கு பாதி காலியாகத்தான் கிடக்கும். அங்கே போய்ப் பார்த்துவிடலாமே என்றாள்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மதியம், ஸ்வெட்டரும் சாக்ஸும் நிறைந்த பையோடு தாயும் மகளும் வஜீதாவும் பஸ் ஏறினார்கள். உசாமா கதவுக்கு உள்பக்கமும் திறக்கும் கைப்பிடி இருப்பதை முதலில் காட்டினான். பத்து நிமிஷத்துக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது என்றான். ஹெப்சி கம்பளி உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அம்மா தைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டாள். டோரதிக்குக் கிடங்கின் கோட்டும், வேலையாட்கள் போடும் ரப்பர் பூட்ஸும் கிடைத்தன. ஆம்பளை பூட்ஸ். இரண்டு தடித்த சாக்ஸ் போட்டும் கால் உள்ளே தனியாகச் சுற்றியது.

"பெரிய கால்க்காரி வர்றா, வழி வுடு" என்றாள் வஜீதா, வெளியே நாற்காலியில் அமர்ந்தபடி.

கதவு மூடிக்கொண்டது.

டோரதி இதுவரை குளிர் என்று எண்ணியிருந்தது வெயில் சற்று ஓய்ந்திருப்பதைத்தான் என்று அப்போது தெரிந்தது. இது வேறு. மழைபோல் மேலே விழவில்லை, காற்றுபோல் எங்கிருந்தோ வந்து மோதவுமில்லை. அவள் வருவதற்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்து, வந்தவளை எழுந்துகூடப் பார்க்காத ஒன்றாக இருந்தது. முதல் மூச்சில் மூக்கின் உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டது. விட்ட மூச்சு முகத்தின் முன் வெண்மையாக எழுந்து நின்றது. தன் உயிர் வெளியே வந்து தன்னைப் பார்ப்பதுபோல அவள் அதையே பார்த்தாள். கண்ணில் சுரந்த ஈரம் இமையோரத்தில் முள்ளாகிக் குத்தியது. அட்டைப்பெட்டிகளின்மேல் பூத்திருந்த பனியைக் கையுறையால் தொட்டாள். இட்லி மாவைப் போல் ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது மணல்போல் உலர்ந்து உதிர்ந்தது.

நான்கு சுவரும் ஒரு கதவும் உள்ள இந்த அறைக்கே இப்படி. ஒரு தேசம் முழுக்க இப்படியே இருக்குமாமே. ஆறும் தெருவும் பள்ளிக்கூடமும் இதற்குள்ளேயே இருக்குமாமே. திறந்துகொண்டு வெளியே போக அங்கே கதவு ஏது? அதிலும் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள், கிழவிகள் சாகாமல் இருக்கிறார்கள். இதையும் அவர்களையும் படைத்தவர் ஒருவரேதானா என்று அவள் மலைத்து நின்றாள். ஜெபிக்கத் தோன்றியது.

அப்போது ஹெப்சி மெதுவாகச் சொன்னாள். "அம்மா, வெரலு எங்கக்குதுன்னே தெர்ல."

வெளியே இழுத்து வந்து பூட்ஸைக் கழற்றினார்கள். விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. டோரதி தரையில் உட்கார்ந்து அந்தப் பாதங்களைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இத்தனை நல்ல தோல், இத்தனை நல்ல ரோமம். எங்கே தவறினேன் என்று மனம் தையல் தையலாகப் பின்னோக்கிப் போனது. நிறம் திரும்பி, சுருக்சுருக்கென்று குத்துகிறது என்று ஹெப்சி முகம் சுளித்தபோதுதான் டோரதிக்குத் தன் கால்களின் நினைவு வந்தது. ஆடுகிற, அசிங்கமான, வெறும் ரப்பர் பூட்ஸுக்குள் அவளுடைய பத்து விரல்களும் வெதுவெதுவென்றிருந்தன. அசைத்துப் பார்த்தாள். அசைந்தன.

வெகுநேரம் அந்த ரப்பர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ குடித்துச் சூடேறியபின், அந்த ரப்பர் பூட்ஸை இரண்டு சாக்ஸோடு மகளுக்கு மாட்டி மறுபடி உள்ளே அனுப்பினாள். உசாமா உடன் போனான். கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி நின்று, டோரதி தன் கைவிரல்களை ஆட்டிக் காட்டினாள். அசைகிறதா? உள்ளே புகைமூச்சுக்கு நடுவில் மகள் தலையை ஆட்டினாள். மறுபடி காட்டினாள். மகள் மறுபடி ஆட்டினாள். பத்து நிமிஷமும் அந்தக் கை ஓயவில்லை.

திரும்பும் பஸ்ஸில் தான் தைத்த பூட்ஸை மடியில் வைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பாலாறு மணலாக நீண்டு வந்தது. பக்கத்தில் தூங்கிவழிந்த வஜீதாவை எழுப்பி, "அவளுக்குக் காலு பெருசு இல்ல, வஜீதா" என்றாள். வஜீதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நம்ம பெரிய கால்க்காரிக்கு. நம்மள மாதிரி காலுதான். ரெண்டு சாக்ஸு போட எடம், வெரல ஆட்ட எடம். அதுக்குத்தான் அந்த அகலம்."

இருபது வருஷத்துக்கும் மேலாகத் தன் கையால் அந்த இடத்தைச் சுற்றித் தைத்து அனுப்பியிருக்கிறாள், எதற்கென்று அறியாமலே. எத்தனை பெண்கள் அந்தக் கைப்பிடியளவு வெற்றிடத்தில் தங்கள் காலின் சூட்டைத் தாங்களே பொத்தி வைத்துக்கொண்டு பனியில் நடந்திருப்பார்கள்! அவர்களைப் பார்த்துச் சிரித்ததை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக வேறொன்றும் தெரிந்தது. அத்தனை தூரத்துக் கால்களோடும் தனக்கு ஏதோ உறவு இருந்திருக்கிறது.

அன்று மாலையே ராஜேஷ் பட்டறைக்குப் போய், குளிர்நாட்டு அகல அச்சு இருக்கிறதா என்று கேட்டாள்.

ராஜேஷ் விடவில்லை. "இன்னாக்கா, ஆடுற ஷூ ஆளக் கவுத்துடும்னு நீதானே சொல்லுவ?"

"கவுத்தா எழுந்துக்கலாம்டா. வெரலு போனா வராது."

இரண்டாவது ஜோடி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முடிந்தது. ஹெப்சி அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தபோது குதிகால் எழும்பி எழும்பி விழுந்தது. டோரதிக்கு உடம்பே கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். தடித்த ஸ்வெட்டர்கள் பீரோவுக்குத் திரும்பின, மெல்லிசானவை பெட்டிக்குள் போயின. பூட்ஸ் பெட்டிக்குள் போகவில்லை. ஹெப்சி அதைக் காலிலேயே போட்டுக்கொண்டு விமானம் ஏறினாள், சென்னைப் புழுக்கத்தில், வேர்க்க வேர்க்க.

அங்கே போய் ஒரு வாரமான பிறகு, கம்பெனியில் மதியச் சாப்பாட்டு வேளையில் வீடியோவில் அழைத்தாள். திரையில் இருட்டு, ஒரு தெருவிளக்கு, அதன் கீழே கண்கள் மட்டும் தெரியும் ஓர் உருவம். இன்னும் விடியவில்லையாம், பஸ்ஸுக்கு நிற்கிறாளாம், மைனஸ் இருபத்தாறாம். வஜீதா எட்டிப் பார்த்து, யாரு இது கரடி என்றாள்.

டோரதி சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கைப்பேசியின் முன் தன் விரல்களை ஆட்டிக் காட்டினாள்.

ஹெப்சி கைப்பேசியைக் கீழே இறக்கினாள். வெண்மணலில் நின்றிருந்த இரண்டு பெரிய பூட்ஸ் தெரிந்தன. வெளியே எதுவும் அசையவில்லை.

"ஆடுதும்மா" என்றது குரல். "உள்ள ஆடுது."