அக்காவின் வயது

என் வாயால்தான் அந்த வெற்றிக் கேடயம் எங்கள் வீட்டை விட்டுப் போனது. அப்போது எனக்கு எட்டு வயது. தொண்ணூறுகளின் கடைசி. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய காம்பரா வீடுகளில் ஒன்றில் இருந்தோம்.

அக்கா பஸ் ஏறிப் போய்ப் படித்த பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டப் பயிற்சி கொடுத்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியர். எங்கள் பக்கம் சேர் என்றால் அவர்தான். வேதக்காரர். ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி ஜெபிப்பார். ஜெயிக்க வேண்டுமென்று கேட்க மாட்டாராம். யாரும் விழுந்து அடிபடக் கூடாது என்று மட்டும் கேட்பாராம். அக்கா திருநீறு பூசி முடிக்கும்வரை காத்திருந்துதான் கண்ணை மூடுவார்.

அந்த வருடம் மாகாண மெய்வல்லுநர் போட்டியில், பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் எண்ணூறு மீற்றர் ஓட்டத்தில் அக்கா முதலாவதாக வந்து அந்தக் கேடயத்தை வாங்கினாள். வாழ்த்துவதற்காகச் சேர் எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். அம்மா ரொட்டி சுட்டாள். அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். எல்லோரும் அக்காவைப் பற்றியே பேச, எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"சேர், எங்க அக்காவுக்கு ரெண்டு வயசு. வீட்டுல ஒண்ணு, பேப்பர்ல ஒண்ணு!"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் நான் மீதியையும் சொல்லிவிட்டேன். அக்கா பிறந்து ஒரு வருடம் கழித்துத்தான் அப்பா பதிவு செய்யப் போனார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பார்களோ எனப் பயந்து, பிறந்த வருடத்தை ஒன்று தள்ளிச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அது சிரித்துச் சொல்லும் கதை.

சேர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்தார்.

"பேப்பர்ல உள்ளதுதானுங்க சேர் வயசு," என்றார் அப்பா.

"பேப்பரில பிழை கண்டுபிடிக்க ஒருத்தராலும் ஏலாது, அண்ணை. ஆனா பிள்ளைக்குப் பதினைஞ்சு தாண்டிட்டுது எண்டு எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சாப் பிறகு என்னால ஜெபம் பண்ண ஏலாது."

"எங்க புள்ள ஒரு தடவ ஜெயிச்சிச்சு. அதயும் புடுங்கிட்டுப் போறீங்களா?"

சேர் அக்காவைப் பார்த்தார். அவளே எழுந்து கேடயத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். யாரும் கேட்காமல் ஏன் கொடுத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு அது போய்ச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அப்பா அக்காவைப் பயிற்சிக்கு அனுப்ப மறுத்துவிட்டார். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சேர் சனிக்கிழமைதோறும் பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் நனைந்துகொண்டு எங்கள் மேடேறி வந்தார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. "பிள்ளையை அனுப்புவீங்களோ?" என்று கேட்பார், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவர் போய்விடுவார். நாலாவது சனிக்கிழமை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "போயிட்டு வாடி," என்று அவளே அக்காவின் பையை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் அக்கா மூத்த பிரிவில் ஓடினாள். நானும் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளைகளை அழைத்து வந்தவர் ஒரு புதிய மிஸ். சேரைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே, தெருவோரம் குடையோடு நின்றார்.

"சேர், ஏன் உள்ள வரல? எங்க மேல கோவமா?"

"கோவமோ? இல்லைப் பிள்ளை. இஞ்ச இருந்து நல்ல வடிவாத் தெரியுது."

அக்கா நாலாவதாக வந்தாள். வேலிக்கு வெளியே சேர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டியது நினைவிருக்கிறது.

நான் ஆசிரியையாகி முதல் தடவை ஓர் அணியை அழைத்துப் போனபோதுதான் அக்கா சொன்னாள். போட்டி நடத்தியவர்களுக்கு அன்று சேர் எழுதிய கடிதத்தில் அப்பாவின் பெயரோ தோட்டத்தின் பெயரோ இல்லையாம். வயதைச் சரிபார்க்காமல் பிள்ளையை ஓடவிட்ட பிழை தன்னுடையது என்று மட்டும் எழுதியிருந்தாராம். அதற்காக ஒரு வருடம் அவர் எந்தப் போட்டி மைதானத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்று விதித்துவிட்டார்களாம்.

எனக்கோ அன்று வேலிக்கு வெளியே நின்று அவர் சொன்னது அப்படியே உண்மையாக இருந்தது. உள்ளே நல்ல இடம் கிடைத்தும் நானும் வெளியே ஓடிப்போய், அவர் பக்கத்தில் நின்று, கம்பிக்கு ஊடாக மற்ற ஓட்டங்களையெல்லாம் பார்த்தேன். வடிவாகத்தான் தெரிந்தது.