ராஜபாய் டீச்சரின் இடது கை

ராஜபாய் டீச்சருக்கு இரண்டு கையாலும் வாசித்துத்தான் பழக்கம். பத்து வயதிலிருந்து சர்ச்சில் ஆர்கன். வலது கை மெட்டைப் பிடித்தால் இடது கை சொல்லாமலே மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திவிடும். சத்தியதாஸின் கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிக்க அவர் வந்தது 1984-இல், முப்பத்தைந்து வயதில். சர்ச்சுக்கு வெளியே ஒரு மேடை ஏற அத்தனை வருடமாக ஆசைப்பட்டவர். மைக் செட் ஆறுமுகநயினாராகிய எனக்கு இதில் அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. என் கவலை என் ஸ்பீக்கர்.

குழுவில் நாதஸ்வரக்காரர் இல்லை. கோயில் உற்சவத்தில் முதல் பாட்டுக்கு அந்தச் சத்தம் வேண்டும். அதற்காக டீச்சரின் அண்ணன் துபாயிலிருந்து ஒரு டிஸ்டார்ஷன் பெட்டி கொண்டுவந்திருந்தார். சோப்புப் பெட்டி அளவு, மேலே மூன்று திருகு. கீபோர்டு வயர் ஒரு பக்கம் நுழையும், ஆம்ப்ளிஃபயர் வயர் மறுபக்கம் வெளியேறும். நடுவில் சத்தத்தை வேண்டுமென்றே முரடாக்கும் வேலை நடக்கும். இருபது வருடமாகக் கரகரப்பை ஒழிக்கப் பாடுபட்டவன் நான். அதைக் கடல் கடந்து கொண்டுவருகிறார்கள் என்றால் என்ன சொல்ல!

ஆரியசாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டிக்கு மேலே ஒத்திகை. டீச்சர் முதல் தடவை வாசித்ததும் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். திருகுகளைக் கூட்டியும் குறைத்தும் நான்கு நாள் பார்த்தார். சேறு மிதிக்கிற சத்தம்தான் வந்தது.

"டீச்சரே, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சப்தம் செரியாவல்லேன்னா கொல்லத்துலேருந்து வேற ஆள விளிச்சிருவேன், கேட்டியளா?" என்றார் சத்தியதாஸ். டீச்சர் மறுபடி திருகில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை பெட்டியின் பேட்டரி வயர் அறுந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் வாசித்தார். திருகு எதையும் தொடவில்லை. ஒற்றை ஒற்றைச் சுரமாக வந்தது, அசல் நாதஸ்வரம்! பல கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் பெட்டி எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிவிடும் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சத்தியதாஸ் கீழே போய் எல்லோருக்கும் சாயா சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் உற்சவ மேடை ஏறுமுன், நல்லது செய்வதாக நினைத்து அந்த வயரைப் பற்றவைத்துக் கொடுத்தேன். டீச்சரின் இடது கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. முதல் வரியிலேயே அது கட்டையில் இறங்கிவிட்டது. மறுபடி சேறு. கூட்டத்தில் ஒருவன் கேலியாகக் கூவினான். சத்தியதாஸ் திரும்பி முறைத்தார்.

டீச்சர் நிறுத்தினார். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு எட்டு நிமிடம் வாசித்தார். கூவியவன் உட்பட ஒருவனும் வாய் திறக்கவில்லை.

இறங்கியதும், "அடுத்த மாசம் மூணு கோயில்ல பரிபாடி இருக்கு. டீச்சர் வரணும்" என்றார் சத்தியதாஸ். டீச்சரின் இடது கையால் சாயா டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு மரத்திருந்தது. வலது கையால் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, அந்த வயர மறுபடி அறுத்துத் தாருங்க."